அலிப்பூர்: தனியாக வாழ்ந்தவர்களும் அவர்களுக்கு உலை வைத்தவர்களும்

வீடு வளர்ந்த கதை – 17

சென்ற இதழில் செட்டிநாட்டு வீடுகளுக்குள் நடந்தோம். ஒரே கூரையின் கீழே பல புள்ளிகள். மகனுக்குக் கலியாணம் முடிந்ததும் அவனுக்கென்று ஓர் அறை, தனி உலை. ஆண்கள் கொண்டுவிற்கப் போய், பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு கைப்பெட்டியோடு மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் திரும்பினார்கள். வீடு ஊரிலேயே நின்றது. ஆள் மட்டும் வெளியே போய் வந்தான். இந்த இதழில் பார்க்கப்போகும் ஊர் வேறு விதம். அப்படி வெளியே கிளம்பியவர்கள் வந்து சேர்ந்த ஊர் அது. பெண்டு பிள்ளைகளை எங்கோ விட்டுவிட்டுத்தான் பெரும்பாலோர் வந்தார்கள். கல்கத்தா, அதிலும் குறிப்பாக அதன் தெற்கே இருக்கும் அலிப்பூர்.

கலியாணம் கட்டிக் குடும்பமாக வாழ்வது குறைகிறது, தனியாக வாழ்வோர் பெருகுகிறார்கள் என்று இப்போது எங்கும் பேச்சு. அமெரிக்காவில் 1949-ல் 100 வீடுகளில் ஏறக்குறைய 79 கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்த வீடுகள். 2010 கணக்கெடுப்பில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரே ஆள் வாழும் வீடு அங்கே 1940-ல் 100-க்கு 8. 2020-ல் ஏறத்தாழ 28. ஜப்பானில் 2020-ல் 38. இந்தியாவில் 2011 கணக்குப்படி 100-க்கு 4 கூட இல்லை. ஆனாலும் நம் வீட்டுத் திண்ணைகளில் இந்தப் பேச்சு எழும்போது ஒரு நம்பிக்கை அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது: இது நேற்று வந்த வியாதி, முன்பெல்லாம் எல்லாரும் குடும்பமாகத்தான் இருந்தோம் என்று. அலிப்பூரின் இருநூற்றைம்பது ஆண்டுகளைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. தனியாள் அந்த நகரத்தில் எப்போதும் இருந்தான். அப்படி வாழ யாருக்கு இடம் கிடைத்தது, அவருக்கு உலை வைத்தது யார் என்பவைதான் மாறி மாறி வந்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே போவோம்.

மைதானத்திலிருந்து தெற்கே வந்து, மேஜர் டாலி வெட்டிய கால்வாயைத் தாண்டினால் அலிப்பூர் தொடங்குகிறது. 1876-ல் திறந்த உயிரியல் பூங்கா, எதிரே பெல்வெடேர் வளாகத்தில் தேசிய நூலகம், வானிலை ஆய்வு மையம், மாவட்ட நீதிமன்றம், இன்று அருங்காட்சியகமாகிவிட்ட சிறைச்சாலை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. வானிலை மையம் இருக்கும் தெருவுக்கு டூயல் அவென்யூ என்று பெயர். 1780 ஆகஸ்ட் 17-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட நினைவு அந்தப் பெயரில் நிற்கிறது. சண்டையின் அரசியலை விட்டுவிடுவோம். சண்டையிட்ட இருவரின் வீட்டு வாழ்க்கைதான் நமக்கு வேண்டியது.

ஹேஸ்டிங்ஸ் 1756-ல் மேரி புக்கானன் என்ற கைம்பெண்ணை மணந்தார். மூன்றே ஆண்டுகளில் அவள் காசிம்பஜாரில் இறந்துபோனாள். ஒரு பெண் குழந்தை பிறந்த மாதமே போயிற்று. மகன் ஜார்ஜைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜார்ஜ் ஆஸ்டென் என்ற பாதிரியார் வீட்டில் வளர்ந்த அந்தப் பையனும் 1764-ல் இறந்தான். தகப்பன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்தியே தெரிந்தது. (பிற்பாடு அந்தப் பாதிரியாருக்குப் பிறந்தவர்தான் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டென்.) 1769-ல் மறுபடி இந்தியாவுக்குக் கப்பலேறினார், இம்முறை நம் சென்னைக்கு. கப்பலில் நோயில் விழுந்தவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் இம்ஹாஃப் என்ற ஜெர்மன் ஓவியரின் மனைவி மரியன். இம்ஹாஃபுடனான அவளுடைய மணம் முறிந்த பிறகு, 1777-ல், இருவரும் கல்கத்தாவில் கலியாணம் செய்துகொண்டார்கள். அலிப்பூரில் வீடு கட்டினார்கள். ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் என்ற பெயரோடு அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அங்கே நடக்கிறது.

1784 ஜனவரியில் உடல்நலம் கெட்டு மரியன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். அடுத்த ஒரு வருஷம் ஹேஸ்டிங்ஸ் தனியாக இருந்தார். அவளுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. வங்காளத்தையே ஆண்ட மனிதர், மனைவியில்லாத வீட்டுக்குள் நுழையவே மனம் வராமல் தவித்தது அவற்றில் தெரிகிறது. ஆனால் தனியாக இருந்தார் என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. கான்சாமா, சமையல்காரர், பல்லக்குத் தூக்கிகள், தோட்டக்காரர்கள், விளக்கேற்றுபவர், தண்ணீர் சுமப்பவர் என்று ஒரு கிராமமே அந்த வளாகத்தில் வேலை செய்தது. கல்கத்தாவின் பல்லக்குத் தூக்கிகள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மனைவி மக்கள் ஊரில். துரைக்கு மனைவி இல்லாத வருஷம் ஒன்று. அவரைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு வாழ்நாளே அப்படித்தான் போயிற்று. அவர்கள் எழுதிய கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

பிரான்சிஸ் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் லண்டனில் விட்டு வந்தவர். 1778 டிசம்பர் 8 இரவு, மூங்கில் ஏணி வைத்து கிராண்ட் என்ற அதிகாரியின் வீட்டுக்குள் ஏறினார். அந்த வீட்டில் இருந்தவள் கிராண்டின் இளம் மனைவி கேத்தரின். பிறந்தது நம் தரங்கம்பாடியில், மணமானது பதினைந்து பதினாறு வயதில். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், பிரான்சிஸ் 50,000 சிக்கா ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 1779-ல் தீர்ப்பானது. பணம் கணவனுக்கு. அந்தப் பெண் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினாள். பிற்காலத்தில் பிரெஞ்சு அமைச்சர் தாலேராண்டை மணந்து பாரிஸில் வாழ்ந்தாள். அவளை எழுதுகிறவர்கள் எல்லாரும் அழகைத்தான் எழுதுகிறார்கள். பதினேழு வயதில், சொந்தமென்று சொல்ல ஒரு கூரை இல்லாமல் நின்றதைப் பற்றி ஓரிரு வரிகூட எழுதியிருக்கலாம்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் ஐரோப்பியப் பெண்கள் மிகக் குறைவு. கம்பெனி ஆட்கள் பலர் இந்தியப் பெண்களோடு வாழ்ந்தார்கள். பீபி என்று அவர்களுக்குப் பெயர். 1780 முதல் 1785 வரை வங்காளத்தில் எழுதப்பட்ட ஐரோப்பியர் உயில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படி ஒரு பெண்ணுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ ஏதாவது எழுதிவைத்தது. தேவாலயப் பதிவேட்டில் அவர் பிரம்மச்சாரி. வீட்டில் அவருக்கு ஒருத்தி உலை வைத்தாள். பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு யார் குடும்பஸ்தர், யார் தனியாள் என்று பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தபின் ஐரோப்பியப் பெண்களின் வரவு கூடியது, பீபி மறைந்தாள். ஆனால் சணலும் தேயிலையும் நிலக்கரியும் விற்ற கிளைவ் ஸ்ட்ரீட் கம்பெனிகள் தங்கள் இளம் உதவியாளர்களை முதல் ஒப்பந்தம் முடியும்வரை கலியாணம் செய்யவிடவில்லை. மனைவியோடு வந்தால் வீட்டுச் செலவு கம்பெனி தலையில் விழும். ஆகவே நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து அலிப்பூரிலும் பாலிகஞ்சிலும் ஒரு பெரிய வீட்டை எடுத்துத் தங்கினார்கள். அதற்கு சம்மரி என்று பெயர். சமையலுக்கு ஒருவர், மேசைக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு பேரர், வாசலில் தர்வான். வீட்டின் பின்னால் சுவரோடு ஒட்டிய வரிசை அறைகளில் அவர்கள் படுத்தார்கள். பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்த அவர்களுடைய மனைவிமார் மணியார்டரில் கணவனைப் பார்த்தார்கள். ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகம் எட்டுப் பத்துக் குடும்பங்களை ஒரே வளாகத்தில் பிரித்து வைத்திருந்தது. இங்கிலாந்துப் பையனின் குடும்பத்தைப் பற்றி மட்டும் ஞாபகக் குறிப்புகள் எழுதப்பட்டன.

வங்காளி நடுத்தர வர்க்கத்துக்கு இதே ஏற்பாட்டின் பெயர் மெஸ். ஹௌராவில் 1854-லும் சியால்தாவில் 1862-லும் ரயில் வந்தபின், கிராமத்திலிருந்து படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்த ஆண்கள் அறை அறையாக வாடகைக்குப் பிடித்தார்கள். வடக்குக் கல்கத்தாவில், ஹாரிசன் ரோடைச் சுற்றி இத்தகைய மெஸ் வீடுகள் நிறைய. மாதத்துக்கு ஒருவர் மேனேஜர். அரிசி, மீன், எண்ணெய், விறகுக் கணக்கு அவர் பொறுப்பு. தட்டில் விழும் மீன் துண்டின் அளவை வைத்து மாதக் கடைசியில் சண்டை வரும். சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு ரயிலேறி ஊருக்குப் போய், திங்கள் காலை நேராக ஆபீஸுக்குத் திரும்புவார்கள். கலியாணமான இந்த ஆண்கள் வாரத்தில் ஒன்றரை நாள் கணவனாக இருந்தார்கள். சமையலறையில் வேலை செய்தது பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வந்த பிராமணர். அவருக்கு அந்த ஒன்றரை நாளும் இல்லை.

வங்க இலக்கியத்தில் இந்த மெஸ்ஸுக்குத் தனி இடம் உண்டு. பிரெசிடென்சி போர்டிங் ஹவுஸில் தங்கியிருந்த சரதிந்து பந்தோபாத்யாய் தம் துப்பறிவாளன் பியோம்கேஷை முதன்முதலில் ஒரு மெஸ் அறைக்குள்தான் கொண்டுவந்து விடுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் சிப்ராம் சக்கரவர்த்தி முக்தாராம் பாபு தெரு 134-ஆம் எண் மெஸ்ஸில் ஒற்றை அறையிலேயே வாழ்நாளைக் கழித்தார், கலியாணம் செய்துகொள்ளவில்லை, 1980-ல் இறந்தார். வங்காளிகள் அவரைப் பாசத்தோடு நினைக்கிறார்கள். ஒரு பெண் எழுத்தாளர் அப்படி ஓர் அறையில் அறுபது வயதுவரை தனியாக வாழ்ந்திருந்தால் அதே பாசம் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நம்மவர்களும் அந்த வரிசையில் உண்டு. கார்டன் ரீச்சில் தலைமையிடம் வைத்திருந்த பெங்கால் நாக்பூர் ரயில்வேயிலும், அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்திலும் வேலை கிடைத்து வந்த தமிழ்ப் பையன்கள் லேக் மார்க்கெட் பக்கம் அறையெடுத்து, மெஸ்ஸில் சாம்பார் சாதம் சாப்பிட்டு, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பினார்கள். தங்கைக்குக் கலியாணம் முடியட்டும் என்று தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர்! அலிப்பூருக்கும் ஒரு தமிழர் வந்தார். மயிலாப்பூரில் பிறந்த பி.எஸ். கேசவன், சுதந்திர இந்தியாவின் தேசிய நூலகத்துக்கு முதல் நூலகராகி, 1953-ல் பெல்வெடேரைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை சேர்த்த புத்தகங்கள் இன்று அங்கேதான் இருக்கின்றன. துரைகள் ஆடிய கூடத்தில், ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் தங்கிய ஆராய்ச்சி மாணவர்கள் பகல் முழுவதும் மேசையோடு மேசையாக உட்கார்ந்து படித்தார்கள். மின்விசிறியும் வெளிச்சமும் இருந்த அந்தக் கூடம், அறையில் போய் உட்கார முடியாதவர்களுக்கு எவ்வளவு பெரிய புகலிடம் என்பது அந்த நிலையில் படித்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனை ஆண்கள் இங்கே இருந்தால் பெண்கள் எங்கே? 1901 கணக்கெடுப்பில் கல்கத்தாவில் இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவுதான். 1961-லும் ஆயிரம் ஆணுக்கு 612 பெண். மிச்சப் பெண்கள் கிராமங்களில் இருந்தார்கள்: மாமியார் வீட்டில், அப்பா வீட்டில், காசியில், பிருந்தாவனத்தில். உயர்குலம் என்று பெயர் வாங்கிய குலீன பிராமணர்கள் பத்து இருபது என்று மணந்து, மனைவியரை அவரவர் அப்பா வீட்டிலேயே விட்டுவைத்தார்கள். அந்தப் பெண்களும் கணக்கில் கலியாணமானவர்கள்தான்.

ஈஸ்வர சந்திர வித்யாசாகர் பெண்களின் இந்த நிலையை எதிர்த்துத்தான் 1856-ல் கைம்பெண் மறுமணச் சட்டம் வரப் பாடுபட்டார். அந்த டிசம்பர் 7 அன்று கல்கத்தாவில் முதல் மறுமணம் நடந்தது. 1871-லும் 1873-லும் பலதார மணத்தைக் கண்டித்து நூல் எழுதினார். அவருடைய சொந்த வாழ்க்கையின் பிற்பகுதி வேறு மாதிரி ஆயிற்று. 1870-ல் ஒரு கைம்பெண்ணை மணந்த மகன் நாராயணனோடு பின்னர் உறவு முறிந்து, 1875 உயிலில் அவனை ஒதுக்கிவைத்தார். மனைவி தினமயி கிராமத்து வீட்டிலேயே இருந்தாள். அவரோ கல்கத்தாவிலும், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் கர்மாட்டாரிலும் தனியே வாழ்ந்தார். அங்கே அவரைப் பார்க்கப் போன ஹரப்பிரசாத் சாஸ்திரி ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். காலையில் சந்தால் மக்கள் சோளக்கதிர் கொண்டுவந்து விற்பார்கள். கேட்ட விலைக்கு வாங்கி அடுக்கிவைப்பார். மாலையில் அதே மக்கள் பசியோடு வந்து நிற்பார்கள்; காலையில் வாங்கிய சோளத்தையே எடுத்துக் கொடுத்துச் சுட்டுத் தின்னச் சொல்வார். இந்த அத்தியாயத்தில் வரும் தனியாட்களில் பிறருக்கு உணவு கொடுத்தவர் என்று நான் கண்டது இவர் ஒருவரைத்தான்.

இனி அலிப்பூர் நீதிமன்றத்துக்குப் போவோம். 1908 மே 2 விடியற்காலை, கிரே ஸ்ட்ரீட் 48-ஆம் எண் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்து வெடிகுண்டு வழக்கில் அரவிந்த கோஷைக் கைது செய்தது. அப்போது வீட்டில் மனைவி மிருணாளினியும் தங்கை சரோஜினியும் இருந்தார்கள். மிருணாளினிக்கு வயது 21. 14 வயதில் மணமாகி, ஏழு ஆண்டுகளில் கணவனோடு சேர்ந்து வாழ்ந்த காலம் சொற்பம். பரோடாவிலும் கல்கத்தாவிலுமாக அவர் ஓட, இவள் பெரும்பாலும் அப்பா வீட்டில் இருந்தாள். அன்று போலீஸ் அள்ளிக்கொண்டு போன காகிதங்களில் அவளுக்குக் கணவன் வங்காளியில் எழுதிய கடிதங்களும் போயின. 1905 ஆகஸ்ட் 30 தேதியிட்ட ஒன்றில், தன்னை மூன்று பைத்தியங்கள் பிடித்திருக்கின்றன என்று சொல்கிறார்: சம்பாத்தியம் கடவுளுடையது என்பது, கடவுளை நேரில் காண வேண்டும் என்பது, நாடு தாய் என்பது. நீ இந்தப் பைத்தியத்தோடு வருவாயா என்பதுதான் அந்தக் கடிதத்தின் கேள்வி. படுக்கையறைக்குரிய அந்தக் கேள்வி அரசுத் தரப்புச் சான்றாவணமாகி, அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் பீச்கிராஃப்ட் என்ற நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. ஐ.சி.எஸ். தேர்வில் கிரேக்க மொழியில் அரவிந்தருக்கு அடுத்த இடத்தில் வந்தவர் அந்த நீதிபதி. எதிர்த்தரப்பில் சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். ஊர் முழுக்க அந்தக் கடிதத்தைப் படித்தது. யாருக்கு எழுதப்பட்டதோ அவளுடைய பதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அலிப்பூர்ச் சிறையில் அவருக்குக் கொடுத்த தனிமைக் கொட்டடி ஒன்பது அடி நீளம், ஐந்தாறு அடி அகலம், சன்னல் கிடையாது. 1909 மே 6-ல் விடுதலையாகி வந்தவர், அடுத்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கினார். பாரதியும் நண்பர்களும் அவரை வரவேற்ற கதை நமக்குப் பழக்கமானது. மிருணாளினி கல்கத்தாவிலும் ராஞ்சியிலும் காத்திருந்தாள். கணவன் உயிரோடு இருக்கிறார், கூட இல்லை. கைம்பெண்ணுக்குச் சமூகம் ஒரு மூலையாவது வகுத்து வைத்திருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. புதுச்சேரிக்குப் போக அனுமதி கிடைத்து, கிளம்ப வேண்டிய சமயத்தில், 1918 டிசம்பர் 17 அன்று இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் கல்கத்தாவில் இறந்தாள். 31 வயது. சிறைக் கொட்டடியைப் போய்ப் பார்ப்பவர்கள் அவருடைய தனிமையின் முன் கைகூப்பி நிற்கிறார்கள். நின்றே ஆக வேண்டிய இடம்தான். பத்தாண்டு தனித்திருந்த மனைவிக்கும் அங்கே ஒரு பலகை வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பெண்களின் கணக்கு நகரத்தில் புரண்டது 1947-க்குப் பிறகு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து விழுந்த அகதிக் குடும்பங்களில் அப்பாவின் நிலமும் வக்கீல் தொழிலும் அந்தப் பக்கம் போய்விட்டன. மூத்த பெண் டைப்ரைட்டிங் கற்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போனாள். தம்பி படிப்பு, தங்கை கலியாணம், அம்மாவுக்கு மருந்து என்று வருஷங்கள் போனபின் அவளுக்குக் கலியாண வயது தாண்டியிருந்தது. ரித்விக் கட்டக் 1960-ல் எடுத்த படமும், சத்யஜித் ராய் 1963-ல் எடுத்த ‘மகாநகர்’ படமும் இந்தத் தலைமுறைப் பெண்களைத்தான் பார்த்தன. வங்காளத்தில் கலியாணமாகாத பெண் தலைநிமிர்ந்து ஆபீஸ் போய் வந்தது எந்த மேற்கத்திய மோகத்தாலும் வந்ததில்லை. பசியால் வந்தது. அவளுக்கென்று ஒரு பேங்க் கணக்கு, பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் என்று கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிறந்தது.

சட்டமும் பின்னால் வந்தது. வங்காளத்தின் தாயபாக முறையில், பிள்ளையில்லாத கைம்பெண் கூட்டுக்குடும்பத்திலும் கணவன் பங்கை அனுபவிக்கலாம். நம் பக்கத்து மிதாக்ஷரத்தில் அதுவும் இல்லை. ஆனால் அந்த அனுபோகம் அவள் ஆயுளுக்கு மட்டும். விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அதை அவளுடைய முழுச் சொத்தாக்கியது. 1955 சட்டம் இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு கேட்க வழி திறந்தது. 1976-ல் இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி வந்தது. அந்த மனுக்கள் அதே அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்துக்கும் வருகின்றன. ஒரு காலத்தில் கணவனின் கடிதத்தை அரசு கொண்டுவந்து வைத்த வளாகத்தில், இப்போது மனைவி தானே காகிதம் எழுதிக் கொண்டுவருகிறாள். 2011-ல் இந்தியாவில் கலியாணமாகாத, கணவனை இழந்த, பிரிந்த, விலக்குப் பெற்ற பெண்கள் 7.14 கோடி, பத்தாண்டு முன் 5.12 கோடி. இந்த எண்ணைச் சொல்லி அங்கலாய்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவர்களில் தன் பெயரில் ஒரு கதவும் அதற்கு ஒரு சாவியும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதே கேட்க வேண்டியது.

இன்றைய கொல்கத்தா சுருங்கும் நகரம். 2001-ல் 45.7 லட்சம் பேர். 2011-ல் 45 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண் பெண் இடைவெளியும் மூடிவருகிறது: ஆயிரத்துக்கு 908. 2019–21 குடும்பநல ஆய்வில் மேற்கு வங்கத்தில் ஒரு பெண்ணுக்கு 1.6 பிள்ளை, அப்போதைய தமிழ்நாட்டின் 1.8-ஐவிடக் குறைவு. அலிப்பூரின் பெரிய பங்களாக்களிலும் புதுக் கோபுரங்களிலும் மார்வாரிக் கூட்டுக்குடும்பங்கள் இன்னும் மூன்று தலைமுறையாக ஒரே சமையலறையில் சாப்பிடுகின்றன. கூட்டுக்குடும்பம் இன்று வசதியுள்ளவர்களால்தான் கட்டுப்படியாகிறது. சற்றுத் தள்ளி நியூ அலிப்பூரில், 1950-களில் மனை வாங்கிக் கட்டிய வங்காளி டாக்டர்கள், என்ஜினீயர்கள் வீடுகள். பிள்ளைகள் பெங்களூரில், நியூஜெர்சியில். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, மாடியில் எண்பது வயது அம்மா ஒருத்தி. பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பை இறங்கும். காய்கறிக்காரர் கத்தரிக்காயும் பட்டோலும் போட்டு, சில்லறையையும் உள்ளே வைப்பார். பை மேலே போகும். நகரம் முழுக்கக் காணும் காட்சி இது.

இப்படித் தனியாக வாழும் முதியவர்களுக்காக கொல்கத்தா போலீஸ் 2009-ல் ‘ப்ரணாம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்தவர்களை அந்தந்த ஸ்டேஷன் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், போனில் விசாரிப்பார்கள், அவசரத்துக்கு ஓடி வருவார்கள். நல்ல காரியம், நம் சென்னைக்கும் வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் அன்றாடம் போலீஸால் நடப்பதில்லை. ஆயா சென்டரிலிருந்து வரும் பெண்ணால் நடக்கிறது. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை ஒருத்தி, இரவுக்கு இன்னொருத்தி. சோறு வடிப்பது, மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் அவள் கை. கூலியில் சென்டருக்கும் ஒரு பங்கு. கேனிங், லட்சுமிகாந்தபூர், டைமண்ட் ஹார்பர், பஜ்பஜ் லோக்கல்களில் இருட்டோடு கிளம்பி வருகிறார்கள். வண்டியில் கால் வைக்க இடமிருக்காது.

ப்ரணாம் தொடங்கிய அதே 2009-ல், மே 25 அன்று அய்லா புயல் சுந்தரவனத்தை அடித்தது. கரை உடைந்து வயலில் உப்புத்தண்ணீர் ஏறியது. பல பருவம் நெல் விளையவில்லை. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். இன்று நம் ஊர்களில் சாரம் கட்டி நிற்கும் வங்காளித் தொழிலாளர்களில் அந்தத் தீவுக்காரர்களும் உண்டு. பெண்கள் கொல்கத்தா ரயிலைப் பிடித்தார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். கணவன் தகரக் கொட்டகையில் தானே பொங்கித் தின்கிறான். மனைவி நியூ அலிப்பூரில் இன்னொருத்தியின் அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறாள். கலியாணம் முறியவில்லை. யாரும் தனிவாழ்வைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. திருமணக் குடும்பங்களின் வீழ்ச்சி என்று எழுதப்படும் கட்டுரைகளில் இந்தக் குடும்பம் வருவதே கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் எண்ண வேண்டியது இதைத்தான்.

2018-ல் ‘பஸ்சிம் பங்க கிருஹ பரிசாரிகா சமிதி’ என்ற வீட்டுப் பணியாளர் சங்கம் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. பல ஆண்டு அலைந்து பெற்ற பதிவு அது. மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி, மாதத்தில் சில நாள் விடுப்பு, பிரசவ விடுப்பு, வேலை செய்யும் வீட்டின் கழிவறையைப் பயன்படுத்த அனுமதி ஆகியவை கோரிக்கைகள். கடைசியாகச் சொன்னதை மறுபடி படியுங்கள். ஒரு கிழவியை நாள்தோறும் கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் பெண், தனக்கு அந்தக் கழிவறையைத் திறந்துவிடுங்கள் என்று மனு எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாடு 2007-லேயே தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. அந்த வாரியத்தில் பெயர் பதிந்தவர்கள் யார், நம் அடுக்ககங்களில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதை இந்தத் தொடரின் சென்னை அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கலாம். அடுத்த இதழில் காசி. வங்காளத்திலிருந்து கைம்பெண்களாக அனுப்பப்பட்டவர்கள் வாடகைக்குப் பிடித்த அறைகள்.